இடது மரை

மழை பெய்தால் குடைக்காரனுக்கு வியாபாரம். மழை விட்டு ஒரு மாதம் கழித்து, மழுங்கின நட்டைக் கழட்டித் தருகிற நட்டக்காவுக்கு வியாபாரம். ஈரம் உள்ளே போய்த் துருவாகி, வண்டியின் நட்டும் போல்ட்டும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற காலம் அது. எவனாவது ஓர் அவசரக்குடுக்கை அளவு சேராத ஸ்பானரை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவான். ஆறு மூலையும் வழித்துக்கொண்டு போய்விடும். நட்டு உருண்டையாகிவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் ஸ்பானர் பிடிக்காது. அப்புறம் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை, பலகை மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் உட்புறம் சுருள்பல் வெட்டிய சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும். மழுங்கின நட்டின் மேல் தட்டி ஏற்றித் திருகினால், நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி கவ்விக்கொள்ளும். தலை உடைந்து உள்ளேயே நின்றுவிட்ட போல்ட்டுக்கு, எதிர்த்திசையில் சுற்றித் துளைக்கிற டிரில் பிட். சுத்தியலால் மண்டையில் போட்டால் தானே கால் சுற்றுத் திரும்புகிற ஸ்க்ரூடிரைவர். வால்வு தேய்க்கிற மணல்பசை ஒரு டப்பா. வழுக்குகிற ஸ்க்ரூவின் தலையில் ஒரு துளி வைத்தால் நழுவாது. எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, நட்டைப் பக்கவாட்டில் நெருக்கி இரண்டாகப் பிளக்கிற கத்தி ஒன்று. அதை அவள் வெளியே எடுப்பதே அபூர்வம். "பிளந்தா அது கழட்டினதா ஆகுமா? பல்லைப் புடுங்கச் சொன்னா தாடையை உடைக்கிறதா?" என்பாள்.

வீட்டுக்குள் நாத்தனார் ஒருத்தி இருந்தாள். புருஷனுக்கு அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. அவளுக்கும் நட்டக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். சாயங்காலம் பலகையை மடக்கும்போது, "இன்னைக்கு என்னத்தைக் கழட்டினே?" என்று தினமும் கேட்பாள். அதில் பாதி விசாரிப்பு, பாதி குத்தல். எது எந்தப் பாதி என்று பதினாலு வருஷமாகியும் நட்டக்காவுக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பலகையை மடக்குவதற்குள் அண்ணன் வந்துவிட்டான். அவளுக்கு ஒரே அண்ணன். பஸ் டிப்போவில் போர்மேன். அவன் வருவதற்கு முன்னால் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும். போன மாதம் முதல் அதில் ஒரு புதுச் சாவி சேர்ந்திருந்தது. காற்றின் அழுத்தத்தில் படபடவென்று அடித்துச் சுற்றி நொடியில் நட்டை ஏற்றி இறக்குகிற காற்றுத் துப்பாக்கி ஒன்றைச் சிபாரிசு செய்து டிப்போவுக்கு வாங்க வைத்திருந்தான். அந்த அலமாரியின் சாவி. "என்னைத் தவிர ஒருத்தன் அதுல கை வைக்க முடியாது" என்று இரண்டு முறை இந்த வீட்டிலேயே பெருமை பேசியிருக்கிறான்.

இப்போது பெருமை எதுவும் இல்லை. கையில் ஒரு காகிதம் இருந்தது.

அவளுடைய புருஷன் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். அதே டிப்போவில் ஃபிட்டர். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை, வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மச்சானைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த வேகத்திலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்பிள்ளை, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஒரு வாரம் சஸ்பெண்டோட முடிச்சுடறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. போடலைன்னா வேலையே போயிடும்."

நட்டக்கா காகிதத்தை வாங்கிப் படித்தாள். அண்ணனின் குண்டு குண்டான எழுத்து. நாலாம் நம்பர் வண்டியின் இடது பின்சக்கர நட்டுகள் இரண்டைக் கவனக்குறைவாக மழுக்கியதும், அதை மறைத்ததும் நானே என்று புருஷனின் பெயர் போட்டு எழுதியிருந்தது.

விஷயம் அவளுக்குத் தெரியாதது இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் அந்த வண்டி நடுரோட்டில் பஞ்சராகி நின்றது. எட்டு நட்டில் ஆறு வந்தது, இரண்டு வரவில்லை. நாற்பது பேர் ஐந்து மணி நேரம் மழையில் நனைந்தார்கள். அதில் ஒருவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். வண்டியைக் கட்டி இழுத்து டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சக்கரத்தில் கடைசியாகக் கை வைத்தது இவன்தான் என்று ரிஜிஸ்டரில் இருக்கிறதாம்.

"அந்த ரிஜிஸ்டரை யாருங்க எழுதறது?" என்று அடுப்படியிலிருந்து நாத்தனார் கேட்டாள்.

"நான்தான்" என்றான் அண்ணன்.

"ஓஹோ" என்றாள் அவள். அந்த ஒரு ஓஹோவில் ஒன்பது கேள்வி இருந்தது.

நட்டக்கா புருஷனைப் பார்த்தாள். "நீங்க பண்ணீங்களா?"

"இல்லே."

"அப்போ யாரு?"

அவன் முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "விடு. போட்டுட்டுப் போறேன். ஒரு வாரம்தானே."

"ஒரு வாரமா? ஃபிட்டர் ஒருத்தன் நட்டை மழுக்கி மறைச்சேன்னு எழுதிக் குடுக்கிறதும், சமையல்காரன் சோத்துல மண்ணைப் போட்டேன்னு எழுதிக் குடுக்கிறதும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் எந்த ஷெட்டுல உங்களை உள்ளே விடுவான்? நாளைக்கே இந்தப் பலகை முன்னாடி நிக்கிறவன், 'உன் புருஷன் மழுக்கறான், நீ கழட்டறே, நல்ல குடும்பத் தொழில்'னு சிரிப்பான். நான் பல்லை இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"தங்கச்சி, புரியாமப் பேசாதே. இந்த வேலையை வாங்கிக் குடுத்தவனே நான்தான். கெடுதல் நினைப்பேனா?"

"நினைக்க மாட்டே அண்ணே. அந்த நட்டு ரெண்டும் இப்போ எங்கே?"

"எங்கே போகும்? சக்கரத்துலதான் இருக்கு. நாளைக்கு ஒன்பது மணிக்கு கேஸ் வெல்டிங்காரன் வந்து எரிச்சு அறுத்துடுவான்."

"அறுத்துட்டா?"

"அறுத்துட்டா தீர்ந்துச்சு."

அவள் காகிதத்தை நாலாக மடித்துத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். "இது என்கிட்ட இருக்கட்டும். காலையில சொல்றோம்."

அண்ணன் டீ குடிக்காமல் போனான். அவன் தங்கச்சி வீட்டில் டீ குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை. சோற்றையும் முட்டையையும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். புருஷன் உரித்த முட்டையெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி பிய்ந்து பிய்ந்து இருந்தது. இரண்டு தடவை எதையோ சொல்ல வாயெடுத்தான், இரண்டு தடவையும் தண்ணீரைக் குடித்துவிட்டான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோ ஒரு ரோட்டோரப் பஞ்சர்க்காரன் செய்ததை இந்த மனுஷன் ஏன் தலையில் வாங்கிக் கட்டிக்கொள்கிறான்? பயமா? பதினாலு வருஷம் வேலை பார்த்தவனுக்கு இரண்டு நட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டதா?

காலையில் ஏழு மணிக்கு அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். புருஷனின் சட்டையை எடுத்து அவன் மேல் போட்டாள். "வாங்க."

"என்னை உள்ளே விட மாட்டாங்க."

"உங்களையா கூப்பிடறேன்? பெட்டி தூக்க ஆள் வேணும். பெட்டிக்காரனைத் தடுக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லையே."

நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாலடி நீள இரும்புக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க எதுக்கு அண்ணி?" என்றதற்கு, "இவன் என் தம்பி. உன் அண்ணன் ரிஜிஸ்டர் எழுதற அழகை நானும் பாக்கணும்" என்றாள்.

டிப்போவின் கூரை ஓட்டை வழியாகத் தூறல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. தரையில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வானவில் நிறத்தில் மிதந்தது. நாலாம் நம்பர் வண்டி ஜாக்கி மேல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேனேஜர் குடையை மடக்கக்கூட மறந்து, உள்ளே வந்தும் பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்கு வேண்டியதெல்லாம் வண்டி ரோட்டுக்குப் போவதுதான். நட்டக்காவை அவருக்குத் தெரியும். இதற்கு முன் மூன்று தடவை அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். இந்தத் தடவை ஏன் கூப்பிட வேண்டாம் என்று போர்மேன் சொன்னான் என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

"சார், கேஸ் வெச்சு அறுத்தா நட்டு ஏறி நிக்கிற ஸ்டட்டும் வெந்துடும். புதுசு வந்து மாட்ட ரெண்டு நாள் ஆகும். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. ரெண்டு நட்டும் முழுசா வரும். ஒரே ஒரு நிபந்தனை. வெளியே வந்த நட்டை எல்லாரும் கையில வாங்கிப் பாக்கணும்."

"நட்டைப் பாத்து என்னம்மா ஆகப்போகுது?"

"அடிபட்டவன் உடம்பைப் பாத்தா எவன் எந்தக் கையால அடிச்சான்னு டாக்டர் சொல்றதில்லையா சார்? அதே மாதிரிதான்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம்."

அவள் சாக்கை விரித்து மண்டியிட்டாள். முதலில் கம்பிப் பிரஷ்ஷால் சேற்றையும் துருவையும் தேய்த்தாள். அடுத்தது துரு எண்ணெய். எண்ணெய் ஊறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்தச் சும்மா இருக்கிறதுதான் தொழிலிலேயே கஷ்டமான பாகம் என்பாள். முதல் வேலை எண்ணெய்க்கு, இரண்டாவது சுத்தியலுக்கு, கடைசி வேலைதான் கைக்கு. உலகத்தில் மழுங்கின நட்டெல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவன் மழுக்கினதுதான்.

பக்கத்தில் நின்ற டிரைவர் தானாகவே சொன்னார்: "நான் அன்னைக்கு ஸ்பானரை மாட்டினேங்க்கா. லொடலொடன்னு ஆடுச்சு. இது நம்ம கைக்கு வராதுன்னு உடனே எடுத்துட்டேன்."

அவள் பழக்கதோஷத்தில் சுருள்பல் சாக்கெட்டை எடுத்து நட்டின் மேல் வைத்தாள். வைத்தவள் நிறுத்தினாள். ஸ்டட்டின் நுனியில், சேறு போன இடத்தில், எல் என்ற ஓர் ஆங்கில எழுத்துப் பொறித்திருந்தது.

இடது மரை. டிப்போவில் இருக்கிற மற்ற வண்டிகளுக்கெல்லாம் நட்டு சுற்றி ஏறுகிற மரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். இந்தக் கிழட்டு வண்டி ஒன்றுக்கு மட்டும், ஓடுகிற ஓட்டத்தில் நட்டு தளரக் கூடாது என்று இடது பக்கத்தில் மரையை எதிர்த்திசையில் வெட்டியிருப்பார்கள். மற்றதில் எந்தப் பக்கம் திருப்பினால் இறுகுமோ, இதில் அந்தப் பக்கம் திருப்பினால்தான் கழலும். சுருள்பல் சாக்கெட் ஒரு திசையில்தான் கவ்வும். இங்கே அது உதவாது.

அவள் கட்டைவிரலால் நட்டின் மூலைகளைத் தடவினாள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பக்கம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. மறுபக்கம் விரலைக் கீறுகிற அளவுக்குக் கூராக இருந்தது. இன்னொரு தரம் தடவினாள். இரண்டாவது நட்டும் அப்படியே.

இதைச் செய்தவன் கழட்டத்தான் பார்த்திருக்கிறான். எல்லா வண்டிக்கும் திருப்புகிற திசையிலேயே இதையும் திருப்பியிருக்கிறான். அது கழலுவதற்குப் பதிலாக இறுகி இறுகி, தாங்க முடியாமல் மூலை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. மூலை மட்டுமா, பக்கத்து முகமெல்லாம் சுத்தியலால் பொடிப்பொடியாகத் தட்டினது போலப் பளபளத்தது. மனுஷக் கை ஒரே சீராக இத்தனை அடி அடிக்காது.

அவள் தலையைத் தூக்கினாள். எதிரே அண்ணன் நின்றான். அவள் கண் மட்டத்தில் அவன் இடுப்பு இருந்தது, இடுப்பில் அந்தப் புதுச் சாவி இருந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் எண்ணெய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு தடவை தண்ணீரைக் குடித்தவன் எதை விழுங்கினான் என்று அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. பயம் இல்லை. அவளுக்கு இருக்கிற ஒரே அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, பதினாலு வருஷத்துப் பெயரைத் தூக்கிக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறான் கிறுக்கு மனுஷன். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டாள்.

அண்ணன் அவள் பக்கத்தில் குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பிளக்கற கத்தி வெச்சிருக்கே இல்லே? அதை எடு. ரெண்டு துண்டாப் போட்டுடு. வரலைன்னு சொல்லிக்கலாம். யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

"முழுசா வரும்னு சொல்லிட்டேனே அண்ணே."

"மிஷின் வந்த அன்னைக்கு மேனேஜர் பக்கத்துல நின்னாரு. புது மிஷினு, ரெண்டு நிமிஷத்துல ஒரு சக்கரம்னு காட்டறேன்னு சொல்லிட்டேன். அவருக்குப் போன் வந்து பேசிக்கிட்டே வெளியே போயிட்டாரு. அந்த அவசரத்துல இது பழைய வண்டிங்கிறது மறந்துபோச்சு. அளவும் ஒரு நம்பர் பெரிசா மாட்டிட்டேன். மாப்பிள்ளை கத்தினாரு, அதுக்குள்ளே ஆயிடுச்சு. அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம்னு நினைச்சேன். பஞ்சராகும்னு யாரு கண்டா? இருபத்தாறு வருஷம் போர்மேன்டி நான். என் மானம் போயிடும்."

"உன் மானம் போகக் கூடாதுன்னு அவர் மானத்தை எடுத்துக்கிட்டே."

"நம்ம குடும்பத்துக்குள்ளே தானே..."

"அவரும் அதே குடும்பம்தான் அண்ணே. நீ கட்டி வெச்ச மாப்பிள்ளைதான்."

அவள் எழுந்தாள். குரலை வேண்டுமென்றே உயர்த்தினாள். "அண்ணி, அந்தக் குழாயைக் கொண்டாங்க."

பெட்டியிலிருந்து ஆறு முகச் சாக்கெட் ஒன்றை எடுத்தாள். நட்டின் அளவுக்கு ஒரு நம்பர் சிறியது. நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினாள். அடி ஒவ்வொன்றும் டிப்போ முழுவதும் மணியடித்தது. கூராக மிச்சமிருந்த அந்த மறுபக்கம் சாக்கெட்டின் உள்முகத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இறுக்கின திசையில் மூலை போய்விட்டது, கழட்டுகிற திசையில் மூலை அப்படியே இருந்தது. ஏனென்றால் இந்த நட்டைச் சரியான பக்கம் இதுவரை யாரும் பலமாகத் திருப்பவே இல்லை.

சாக்கெட்டில் கம்பியை மாட்டி, கம்பியில் குழாயைச் செருகி, தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். அசையவில்லை.

"அண்ணி, ஏறுங்க."

"எதுல?"

"குழாய் மேல."

"நானா? விழுந்தா?"

"விழுந்தா நான் புடிச்சுக்கறேன். ஏறுங்க."

முப்பது வருஷம் ஊருக்கே வடித்துப்போட்ட உடம்பு அது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பெத்தவளே" என்று முனகியபடி குழாயின் நுனியில் இரண்டு காலையும் வைத்தாள். நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கதவிடுக்கில் மாட்டின பூனைகூட அப்படிக் கத்தாது. குழாய் ஒரு முழம் இறங்கியது, நாத்தனாரும் அதோடு இறங்கினாள், டிரைவர் கைதட்டிவிட்டார்.

இரண்டாவது நட்டுக்கு அவளை யாரும் ஏறச் சொல்லவில்லை. அவளே ஏறிக்கொண்டாள்.

நட்டக்கா இரண்டு நட்டையும் துணியில் துடைத்து மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அப்போதுதான் குடையை மடக்கினார்.

"தடவிப் பாருங்க சார். ஒரு பக்கம் வழவழன்னு, ஒரு பக்கம் கூரா இருக்கா? கழட்டறதா நினைச்சு இறுக்கியிருக்காங்க. இந்த வண்டிக்கு இடது மரைன்னு மறந்தவங்க வேலை. அளவு ஒரு நம்பர் பெரிசு. கை ஸ்பானர் மூலையைத்தான் கடிக்கும். இது முகமெல்லாம் அடி வாங்கியிருக்கு. காத்துத் துப்பாக்கி அடிச்ச அடி. அந்த அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்கோ, அவங்களைக் கேளுங்க. நான் நட்டுக்காரி. நட்டு சொன்னதைத்தான் நான் சொல்றேன். ஆளைச் சொல்றது என் வேலை இல்லே."

எல்லாருடைய கண்ணும் அந்தச் சாவிக்கொத்துக்குத்தான் போயிற்று. அண்ணன் அதைக் கையால் மூடிக்கொண்டான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் திறப்பான் என்று ஒரு நிமிஷம் அவள் காத்திருந்தாள். எண்ணெய் ஊறக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தாள்.

திறந்தது அவள் புருஷன்.

"சார், நான் பக்கத்துல நின்னேன். பாத்தேன். பாத்துட்டும் ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லலை, உங்ககிட்டயும் சொல்லலை, வண்டியை வெளியே போக விட்டேன். நாப்பது பேர் நனைஞ்சதுல எனக்கும் பங்கு இருக்கு. அதை எழுதிக் குடுக்கறேன், அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் மழுக்கினேன்னு மட்டும் எழுத மாட்டேன். இந்தக் கை நட்டை மழுக்காது."

சொல்லிவிட்டு அந்தக் கையைத் தூக்கிக் காட்டினான். மேனேஜர் அதைப் பார்க்கும்வரை இறக்கவில்லை.

மேனேஜர் நட்டையும் போர்மேனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரூமுக்கு வாங்க" என்று அண்ணனிடம் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்த்து, "அந்தச் சக்கரத்தை மாட்டுய்யா. ஒன்பதரை டிரிப்புக்கு வண்டி போகணும். எழுத வேண்டியதை அப்புறம் எழுதலாம்" என்றார்.

புருஷன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான். அண்ணன் நட்டக்காவைத் தாண்டி நடந்தான். தாண்டும்போது நின்றான்.

"ரெண்டு நட்டுக்காகக் கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டே. இனிமே உன் வாசலை மிதிக்க மாட்டேன்."

"நட்டு மழுங்கறது யார் கைக்கும் நடக்கும் அண்ணே. அதுக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? அதை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, என் கண்ணு முன்னாடி அவர்கிட்ட கையெழுத்துக் கேட்டே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை." தகரப் பெட்டியைத் திறந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். அவளுடைய எண்ணெய் விரல் ஐந்தும் அந்தப் பையில் பதிந்தது. "உள்ளே கேப்பாங்க, இதையே குடு. உன் கைப்பட எழுதினதுதான். வாசகமெல்லாம் சரியா இருக்கு. பேரை மட்டும் மாத்திக்கோ."

அவன் மேனேஜர் அறைக்குப் போனான். இந்தத் தடவை சாவிக்கொத்து சத்தம் போடவில்லை. அதைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

டிப்போ வாசலில் கேஸ்காரன் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான். "எந்த வண்டிங்க அறுக்கணும்?" என்றான். நாத்தனார் குழாயைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணும் அறுக்க வேண்டாம், திரும்பிப் போ. நாங்க கழட்டிட்டோம்."